சிராஜ் பாயின் குதிரைக் காசு

சிராஜ் பாய் என் கிளினிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சாய்ந்துகொள்ளவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறவர் போல விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பல்லு வலியா பாய்?" என்றேன்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் வந்தது வேற வேலையா" என்றபடி சட்டைப் பைக்குள் கையை விட்டார். மூக்குத்தி வாங்கினால் நகைக்கடையில் ஒரு சின்ன சிவப்பு வெல்வெட் பை தருவார்களே, அது வெளியே வந்தது. அதைத் தன் உள்ளங்கையில் கவிழ்த்தார்.

குதிரைக் காசு.

இன்றைய ஒரு ரூபாயைவிடச் சற்றுச் சிறியது. ஆனால் தடிமன். ஒரு பக்கம் இலைமாலை சூடிய ஓர் ஆணின் தலை. மறுபக்கம் நான்கு குதிரைகள் பூட்டிய தேரில் ஒருவர் நிற்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ரோமாபுரி வெள்ளி. பாய் அதை எத்தனையோ முறை எனக்குக் காட்டியிருக்கிறார். கையில் கொடுத்ததில்லை. யாருக்குமே கொடுக்கமாட்டார், தன் உள்ளங்கையில் வைத்தபடியேதான் காட்டுவார். அன்றுதான் முதல் முறையாக என் கையில் வைத்தார்.

"டாக்டரம்மா, பல்லுக்கு அச்சு எடுப்பீங்கள்ல? அதே மாதிரி இதுக்கு ஒரு அச்சு எடுத்து, மாவுல இதே மாதிரி ஒண்ணு பண்ணித் தரணும். முடியுமா?"

"முடியும். எதுக்கு பாய்?"

"அசலை காலேஜுக்குக் குடுக்கப்போறேன். வரலாறு டிபார்ட்மெண்ட்ல சின்னதா ஒரு மியூசியம் வைக்கிறாங்க. கதீஜா பேரை எழுதி வைக்கிறோம்னு சொல்லிட்டாங்க. வீட்ல வச்சுப் பார்த்துக்க ஒரு நகல் வேணும்ல?"

கதீஜா அக்கா பாயின் மனைவி.

வெளியே அம்மா மண்டபம் ரோட்டில் வெயில் கொளுத்தியது. காவிரியில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்துணியோடு கோயில் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள் வெளியூர்க்காரர்கள். என் கையில் அந்தக் காசு, பாயின் உடம்புச் சூட்டோடு இருந்தது.

பல் முளைக்கும் பிள்ளையின் காசு

இந்தத் தொடரில் இதுவரை பல்லைப் பற்றியே எழுதிவந்திருக்கிறேன். 'உங்களுக்குப் பல்லைத் தவிர வேறு எதிலுமே நாட்டம் இல்லையா?' என்று புதுக்கோட்டை வாசகி ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. ஆனால் அதுவும் பல்லில்தான் தொடங்கியது.

கரூர்ப் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமியார் மடியிலிருந்த குழந்தை கழுத்துக் கயிற்றில் தொங்கிய எதையோ வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தது. கீழே இரண்டே இரண்டு பல். அரிசி நொய் மாதிரி.

"அதை வாயில வைக்க விடாதீங்க, அழுக்கு" என்று சொல்லி நானே அதை விடுவித்தேன். கறுத்துப்போன ஒரு காசு. மேலே வளையம் பற்றவைத்திருந்தது. விக்டோரியா ராணி என்று நினைத்துத் திருப்பினேன். ராணி இல்லை. ஓர் ஆண். எழுத்தும் நாம் பார்த்த எழுத்தாக இல்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் போல இருந்தன, ஆனால் சேர்த்துப் படித்தால் வார்த்தை வரவில்லை.

"இது எங்க வீட்டுல பல்லு மொளைக்கிற புள்ளைக்கெல்லாம் கட்டுறதுங்க" என்றாள் மாமியார். "இவங்கப்பனுக்கும் இதைத்தான் கட்டுனோம். வலிக்காம மொளைக்கும்."

பல் மருத்துவர் என்ற முறையில் நான் அதை மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அனுமதி கேட்டு போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். குழந்தை காசைத் திரும்ப வாங்கி வாயில் வைத்துக்கொண்டது.

அந்தப் படத்தோடு நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. நகைக்கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர், "காந்தி மார்க்கெட்ல சிராஜ் பாய்னு வெங்காய மண்டி வச்சிருக்கார், காசுப் பைத்தியம்" என்று வழி சொன்னார்.

வெங்காயத் தோல் பறக்கும் அந்தத் தெருவில், மூட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவரிடம் போனை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது.

"திபேரியஸ்! ஏசு நாதர் இருந்த காலத்துல ரோமாபுரியில ராஜா. பின்னாடி ஒரு பொம்பளை உக்காந்திருக்கா பாருங்க, அது அவனோட தாய்னு சொல்றாங்க. தாயைக் காசுல போட்டிருக்கான்மா!"

சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. அந்தக் காசுப் பைத்தியம் அன்றைக்கே எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஓட்டைக் காசுகள்

கரூரில், அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்த கதையை நம் பக்கத்தில் அநேகமாக எல்லோரும் கேட்டிருப்பார்கள். மிளகும் துணியும் மணியும் வாங்க வந்தவர்கள் விட்டுப்போன வெள்ளி. பெரும்பாலும் இரண்டு வகை. அகஸ்டஸ் தலையோடு, பின்பக்கம் அவருடைய பேரன்கள் இருவர் கேடயமும் ஈட்டியுமாக நிற்பது ஒன்று. திபேரியஸ் தலையோடு, பின்பக்கம் அந்த அம்மாள் உட்கார்ந்திருப்பது இன்னொன்று. இவற்றை விட்டு வேறு எது கண்ணில் பட்டாலும் சேகரிப்பவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மண்ணில் கிடைத்தது என்று யாராவது கொண்டுவந்தால் பாய் தொடவே மாட்டார். "தாசில்தார் ஆபீசுக்குப் போங்க தம்பி, அது சர்க்காருடையது" என்று அனுப்பிவிடுவார். பழைய சேகரிப்பாளர்களிடமிருந்தும் முறையான ஏலங்களிலிருந்தும் வருவதைத்தான் வாங்குவார். நானும் அதையே கற்றுக்கொண்டேன்.

ஆனால் நான் சேர்த்தது வேறு ரகம். ஓட்டை போட்டவை, வளையம் பற்றவைத்தவை, ராஜாவின் கன்னத்தில் உளியால் வெட்டி வெள்ளிதானா என்று பார்த்தவை. சேகரிப்பாளர்கள் இவற்றைச் 'சேதம்' என்று ஒதுக்குவார்கள். எனக்கு அவைதான் வேண்டியிருந்தன. ராஜா எங்கேயோ அடித்த காசு; ஓட்டை போட்டவர் நம் ஊர்க்காரர்.

"டாக்டரம்மாவுக்குப் பல்லுலயும் ஓட்டை வேணும், காசுலயும் ஓட்டை வேணும்" என்பார் பாய். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

என்னிடம் இருப்பது ஒரு கைப்பிடிதான். வருடத்துக்கு ஒன்று கிடைத்தாலே அதிகம். கிடைக்காத மாதங்களில் பேசிக்கொண்டிருப்போம். உண்மையைச் சொன்னால், காசு சேர்ப்பதில் பாதி இன்பம் அந்தப் பேச்சில்தான்.

முசிறியில் இறங்கிய மும்பைக்காரர்

பேச்சு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எனக்குப் பிறந்த ஊர் முசிறி. நம் காவிரிக்கரை முசிறி.

பாய்க்குப் போனில் மட்டும் பழக்கமான மும்பை சேகரிப்பாளர் ஒருவர் ஒரு நாள் அழைத்தார். "நான் முசிறி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். ரோமானியர்கள் கப்பலில் வந்த துறைமுகம் எந்தப் பக்கம்?"

பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் தேடியது மேற்குக் கடற்கரையிலிருந்த முசிறி. மலையாளத்துப் பக்கம். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று திருச்சியில் இறங்கி பஸ் பிடித்திருக்கிறார்.

பாய் என்னைக் கூப்பிட, நான் என் அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணன் வாழைத் தோப்பிலிருந்து அப்படியே மோட்டார் பைக்கில் போய் அவரை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஆற்றில் அப்போது மணல்தான். நடுவில் ஓர் ஓடை.

"சார், தண்ணி வர்ற மாசத்துல பரிசல் வரும். கப்பலுன்னா கொஞ்சம் கஷ்டம்" என்றாராம் அண்ணன், மிகப் பணிவாக.

அவரும் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு திருச்சிக்குத் திரும்பினார். இதைச் சொல்லிச் சொல்லி பாய் சிரித்தபோது, அவர் வீட்டு அறைக் கதவருகே நின்று கதீஜா அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது கண்ணுக்குள் நிற்கிறது. அப்போது அக்கா இருந்தார்கள்.

"உங்க சம்பந்தி வந்திருக்கார்"

கதீஜா அக்காவுக்குக் காசு சேர்ப்பதில் துளியும் நம்பிக்கை கிடையாது. காசுகளில் இருக்கும் ராஜாக்களை 'உங்க சம்பந்திங்க' என்பார்கள். "சம்பந்திங்களோட பேசினது போதும், சாப்பிட வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

குதிரைக் காசைக் கொண்டுவந்தது அந்த அக்காதான்.

நான் அறிமுகமாவதற்கு வெகு காலம் முன்பு நடந்தது. உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கரூர் போனவர், அங்கே ஒரு வெள்ளிக் கடையில் பழைய கொலுசைப் போட்டுப் புதுசு வாங்க நின்றிருக்கிறார். உருக்குவதற்காக ஒரு தட்டில் பழைய வெள்ளி குவிந்து கிடந்திருக்கிறது. அரைஞாண், உடைந்த கிண்ணம், குங்குமச்சிமிழ் மூடி. அவற்றுக்கு நடுவே ஒரு தலை எட்டிப் பார்த்திருக்கிறது. எடுத்துத் திருப்பினால் குதிரைகள். கடைக்காரர் அதை எடை போட்டு அக்காவின் கொலுசு வெள்ளியில் கழித்துக்கொண்டார்.

திருச்சிக்கு வந்ததும் பாயின் கையைப் பிடித்து அதை வைத்து, "இந்தாங்க, உங்க சம்பந்தி வந்திருக்கார், தேரோட" என்றார்களாம்.

இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் பாயின் குரல் இறங்கிவிடும். திபேரியஸ் காசுகளில் தேர் போட்டது அபூர்வம். தேடித் தேடி அலைகிறவர்களுக்கெல்லாம் கிடைக்காதது, காசென்றாலே முகம் சுளிக்கும் மனைவிக்குக் கொலுசு மாற்றப்போன இடத்தில் கிடைத்தது. பிறகு அக்காவுக்கு உடம்புக்கு வந்து, ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கழிந்து, ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் அந்த வெல்வெட் பை பாயின் சட்டைப் பையைவிட்டு இறங்கவே இல்லை.

மாவில் தெரிந்தது

பல்லுக்கு அச்சு எடுக்க ரப்பர் போன்ற ஒரு பசை இருக்கிறது. காசுக்கு அதனால் ஒரு கேடும் வராது. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று பாய் காசைப் பையோடு என்னிடம் விட்டுப் போயிருந்தார். அன்று மாலை நோயாளிகள் போனபின் இரண்டு பக்கமும் அச்சு எடுத்தேன். அதில் கல்போல் இறுகும் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் மெதுவாகப் பிரித்தேன்.

வெள்ளைவெளேரென்று ஒரு குதிரைக் காசு வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஓரத்தைச் சீர் செய்யலாம் என்று பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தேன்.

ராஜாவின் தாடைக்குக் கீழே ஒரு பொட்டு. கடுகில் பாதிகூட இருக்காது. உருண்டையாகப் புடைத்திருந்தது.

அச்சுப் பசையில் காற்று புகுந்திருக்கும் என்று மறுபடி அச்சு எடுத்து மறுபடி ஊற்றினேன். அதே இடத்தில் அதே பொட்டு. குதிரைக் கால்களுக்கு நடுவே இன்னும் சில. எழுத்துகளின் இடுக்கில் ஒன்றிரண்டு.

பல்லுக்கு உலோகத் தொப்பி வார்ப்பதைப் படிக்கும் காலத்தில் எங்களைக் கையாலேயே செய்யவைத்தார்கள். மெழுகில் பல் செய்து, அதைச் சுற்றி மாவு ஊற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவோம். மாவு ஊற்றும்போது எங்காவது ஒரு காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால், உலோகத்தில் அந்த இடத்தில் ஒரு குட்டி மணி முளைத்திருக்கும். எங்கள் பேராசிரியர் அதை நகத்தால் தட்டிக் காட்டி, 'மறுபடி செய்' என்பார். அந்த மணியை நான் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் காண்பேன்.

ரோமானியக் காசு வார்த்ததல்ல, அடித்தது. இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெள்ளி வில்லையை வைத்து மேலே சுத்தியால் ஓங்கி அடிப்பார்கள். அதில் குமிழிக்கு வழியே இல்லை.

காசையே எடுத்து ஓரத்தைப் பார்த்தேன். சுற்றிலும் மெல்லிய அரத்தின் கீறல். வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒட்டுக்கோடு இருந்து, அதை யாரோ ராவிவிட்டிருக்கிறார்கள். வெள்ளியின் பளபளப்பிலும் கறுப்பிலும் இத்தனை காலம் இவையெல்லாம் கண்ணில் படாமல் இருந்தன. ஒரே நிறமாக இருந்த மாவு காட்டிக்கொடுத்துவிட்டது.

கம்பவுண்டர் அம்மா விளக்கை அணைக்கலாமா என்று எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் இரும்மா" என்றேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

சொல்வதா, வேண்டாமா

கே.கே. நகர் வீட்டில் சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"எதுக்குச் சொல்லப்போற? வயசான மனுஷன். மனைவி ஞாபகமா வச்சிருக்கார். நீ நகலைப் பண்ணிக் குடுத்துட்டு வேலையைப் பாரு" என்றார்.

"காலேஜ்ல யாராவது கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிக்கட்டும். அது அவங்க பாடு."

அவர் சொன்னது தப்பில்லை. அந்த நேரத்துக்கு எனக்கும் அதுவே வேண்டியிருந்தது. ஆனால் படுத்தபிறகு கதீஜா அக்காவின் பெயர் எழுதிய அட்டைதான் கண் முன்னால் வந்தது. இன்றோ நாளையோ விவரம் தெரிந்த ஒருவர் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நிற்பார். குனிந்து பார்ப்பார். பிறகு யாரும் பாயிடம் நேராகச் சொல்லமாட்டார்கள். காசை எடுத்து ஏதாவது அலமாரி இழுப்பறையில் போடுவார்கள். கூடவே அந்தப் பெயரும் போகும். ஒரு நாள் பாய் போய்ப் பார்த்தால் அந்த இடம் காலியாக இருக்கும்.

அதைவிட என் வாயால் கேட்பது மேல் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தார் பாய். தேய்த்த வெள்ளைச் சட்டை. தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "ரெடியா?" என்றார். மாவுக் காசை வைத்து, பூதக்கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினேன்.

"நீங்களே பாருங்க பாய்."

வெகு நேரம் பார்த்தார்.

"இந்த மணி மணியா இருக்கே, அது என்ன?"

"குமிழி."

"உங்க மாவுலயா?"

"இல்ல பாய். காசுல. வார்க்கும்போது வர்றது."

"அடிச்ச காசுல வராதோ?"

"வராது."

அவர் தலை நிமிரவில்லை. மறுபடி பார்த்தார். பிறகு அசல் காசை எடுத்து விரலால் தாடைக்குக் கீழே தடவினார். அந்தப் பொட்டு விரலுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். கை அங்கேயே நின்றது.

"வெளிய ஆளுங்க காத்திருக்காங்க. நீங்க பாருங்க. நான் வரேன்" என்று வெல்வெட் பையில் காசைப் போட்டுக்கொண்டு எழுந்தார். மாவுக் காசை எடுத்துக்கொள்ளவில்லை.

வரேன் என்றவர் வரவில்லை. தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூப் படத்தோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்புவார், அதுவும் நின்றுபோனது. அந்தப் படங்களை நான் எத்தனை முறை அலுத்துக்கொண்டு அழித்திருக்கிறேன்! இப்போது காலையில் போனைப் பார்த்துவிட்டு வைப்பேன். இப்படியே வாரங்கள் போயின. நானாகக் கூப்பிடவும் தயக்கமாக இருந்தது.

வெங்காய மண்டியில்

கல்லூரி வரலாற்றுத் துறைப் பேராசிரியை ஒரு நாள் என்னை அழைத்தார். "மேடம், சிராஜுதீன் சார் போனையே எடுக்கமாட்டேங்கிறார். வர்ற வியாழக்கிழமை திறப்பு விழா. காசு தர்றாரா இல்லையான்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் காலை கிளினிக்குக்குப் போகும் வழியில் காந்தி மார்க்கெட்டில் இறங்கிக்கொண்டேன்.

மண்டியில் சின்ன வெங்காயம் வந்திறங்கியிருந்தது. "வழி, வழி" என்று முதுகில் மூட்டையோடு ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க டாக்டரம்மா. உக்காருங்க."

கோபமே இல்லாத முகம். அதுதான் சங்கடமாக இருந்தது. டீ வந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"போனை எடுத்து என்னன்னு சொல்றது?" என்றார். பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். "இதை அழுத்திப் பார்த்தா உள்ள அழுகியிருக்கான்னு சொல்லிடுவேன். அந்தக் காசை எத்தனை வருஷமாத் தடவியிருக்கேன். ஒண்ணும் தெரியலையே."

"எனக்கும்தானே தெரியலை பாய். அச்சு எடுக்கலைன்னா இன்னிக்கும் தெரிஞ்சிருக்காது."

"உங்க மேல கோவம்னு நினைச்சுட்டீங்களா?"

"ஆமா."

"ரெண்டு நாள் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லமாட்டேன். அப்புறம் போயிடுச்சு. மனசுல கெடந்து அறுக்கிறது வேற." வெங்காயத்தை மூட்டையில் திரும்பப் போட்டார். "அவளை ஏமாத்திட்டாங்களே டாக்டரம்மா. அவளுக்கு இதுல இஷ்டமே கிடையாது. எனக்காக ஆசையா வாங்கிட்டு வந்தா. எவனோ ஒருத்தன் போலியை அவ தலையில கட்டிட்டான். அதை அசல்னே நினைச்சுக்கிட்டு மௌத்தாயிட்டா. எனக்கு அதைத்தான் தாங்க முடியலை."

எனக்கு இது தோன்றவே இல்லை. காசு போலியானதில் அவருக்கு வருத்தம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பாய், அந்தக் கடைக்காரர் அதை என்னன்னு சொல்லிக் குடுத்தார்?"

"என்ன சொல்றது? உருக்கப் போட்டிருந்த குவியல்ல கெடந்துச்சுன்னுதானே சொன்னா."

"ரோமாபுரிக் காசுன்னு சொன்னாரா?"

"அந்த ஆளுக்கு அதெல்லாம் எங்க தெரியும்?"

"அதுக்குன்னு கூட ஏதாவது கேட்டாரா?"

"இல்லை. எடைக்கு எடை."

"அப்ப ஏமாத்தினது யாரு?"

பாய் என்னைப் பார்த்தார்.

"வெள்ளின்னு குடுத்தார். அது வெள்ளிதான், நான் பார்த்துட்டேன். அக்காவும் வெள்ளின்னுதான் வாங்கினாங்க. படம் நல்லா இருக்கு, உங்களுக்குப் பிடிக்கும்னு வாங்கினாங்க. அதுக்கு ராஜா பேரு வச்சது நீங்க. ஆமா ஆமான்னு தலையாட்டினது நான். அக்காவை யாருமே ஏமாத்தலை பாய்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெங்காய மண்டியில் யாருக்கு எதனால் கண் கலங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. டீ கிளாஸில் ஏடு படிந்தது.

இன்னொன்றையும் சொன்னேன். அந்தக் காலத்திலேயே நம் நாட்டில் ரோமானியக் காசைப் பார்த்து வார்த்துக்கொண்டவர்கள் உண்டு. இது அப்படி ஒன்றாக இருக்கலாம். நேற்று யாரோ செய்ததாகவும் இருக்கலாம்.

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்க."

"இல்ல பாய். நெஜமாவே தெரியாது."

"தெரியாதுன்னா தெரியாதுன்னே இருக்கட்டும்" என்றார். பிறகு, "மேடம்கிட்ட வியாழக்கிழமை வரேன்னு சொல்லிடுங்க" என்றார்.

கண்ணாடிப் பெட்டி

விழா சின்னதுதான். ஒரு வகுப்பறையைக் காலி செய்து பெயின்ட் அடித்திருந்தார்கள். பழைய பானை ஓடுகள், ஓலைச்சுவடி, ஒரு கருங்கல் உரல். மாணவிகள் பட்டுப் பாவாடையில் வாசலில் சந்தனம் கொடுத்தார்கள்.

காசுப் பெட்டி சன்னலோரமாக இருந்தது. உள்ளே நீலத் துணி. அட்டையில் 'கதீஜா பீவி நினைவாக' என்று எழுதியிருந்தது. 'ரோமானியக் காசைப் போன்ற வார்ப்பு, காலம் தெரியவில்லை' என்று கீழே ஒரு வரியும் இருக்கும் என்று எதிர்பார்த்துக் குனிந்தேன்.

அப்படி எதுவும் இல்லை. காசில் குதிரைகளும் இல்லை. கேடயமும் ஈட்டியுமாக இரண்டு பேரன்கள் நின்றிருந்தார்கள். நேற்று அடித்ததுபோல முகமெல்லாம் துலக்கமாக இருந்தது. பாயிடம் இருந்ததிலேயே நல்ல நிலையில் இருந்த காசு அதுதான். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஊரறிந்த ஏலத்தில் வந்தது.

பேசச் சொன்னார்கள். பாய் எழுந்து, "எனக்கு மேடைப் பேச்சு வராது. பசங்க நல்லா பார்க்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் காபி கொடுத்தார்கள். அவர் அருகில் போய் நின்றேன்.

"குதிரைக் காசு?"

சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

"ஒண்ணு சொல்றேன் டாக்டரம்மா. அது அபூர்வம்னு நினைச்சிருந்தப்ப, இதை என் பையிலயே வச்சிக்கிட்டிருக்கக் கூடாது, நாலு பேரு பார்க்கணும், அவ பேரு நிக்கணும்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. குடுக்கறேன்னு சொல்லிட்டேனே தவிர குடுக்க மனசே வரலை. இப்ப அதை யாரு கேக்கப்போறா? எனக்கே எனக்குன்னு ஆயிடுச்சு. நல்ல காசு அவ பேர்ல இங்க இருக்கட்டும். அவ குடுத்தது என்கிட்ட இருக்கட்டும்."

துறையூர் லோடு வந்து நிற்கிறது என்று மண்டியிலிருந்து போன் வந்தது. காபியை மடக்கென்று குடித்துவிட்டு, "போயிட்டு வரேன்" என்று ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டுக் கிளம்பினார்.

நான் கைப்பையை எடுக்கத் திரும்ப உள்ளே போனேன். காசுப் பெட்டி முன்னால் ஒரு மாணவி குனிந்து நின்று அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "மேடம், இந்த கதீஜா பீவிங்கறவங்க பெரிய காசு சேகரிப்பாளரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். "காசு சேர்த்த ஒருத்தரைக் கட்டிக்கிட்டுக் கடைசிவரைக்கும் கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தவங்க."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு இன்னொரு முறை குனிந்து, அந்தப் பெயரை நிதானமாகப் படித்தாள்.